காந்தப்புலத்தில் நானோ துகளுக்குத் தனிப் பூச்சு: மேற்பரப்பு மட்டும் சூடாகிறதா?

இரும்புத்தூள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிமர் பூச்சு பற்றிய ஆய்வில் மூன்றாம் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரே குப்பியில் இரண்டு வகைத் துகள்கள்: சுமார் 20 நானோமீட்டர் மாக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு), சுமார் 100 நானோமீட்டர் சிலிக்கா. கூடவே மோனோமராக (பாலிமர்ச் சங்கிலியின் கண்ணி) நிப்பாம், சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டக் கொஞ்சம் குறுக்கிணைப்பி, சங்கிலி வளர்வதைத் தொடங்கிவைக்க ஒரு தொடக்கி. குப்பியைச் செப்புச் சுருளுக்குள் வைத்து 300 கிலோஹெர்ட்ஸ் மாறுதிசைக் காந்தப்புலம் கொடுக்கிறேன். சிலிக்காவுக்குக் காந்தம் ஒரு பொருட்டே அல்ல. மாக்னடைட் மட்டும் சூடேறும். ஆகவே பாலிமர் மாக்னடைட்டின் மேல் மட்டும் வளரும், சிலிக்கா வெறும் உடம்போடு நிற்கும். திட்டம் இவ்வளவுதான். கரைசல் சூடாகிவிடக் கூடாது என்று குப்பியைச் சுற்றி 20 டிகிரித் தண்ணீர் ஓடுகிறது.

மாக்னடைட்டைக் காந்தத்தால் இழுத்து, ஐந்து முறை கழுவி, உலர்த்தி டி.ஜி.ஏ. (சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் சோதனை; குறையும் எடை எரிந்துபோன பாலிமர்) எடுத்தால் 18 விழுக்காடு எடை குறைகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகளைச் சுற்றி மங்கலான வளையம் தெரிகிறது. சிலிக்காவில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சில இடங்களில் மட்டும் சிரங்கு போலத் திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கரைசலுக்குள் வைத்த தெர்மோகப்பிள் (கம்பி வெப்பமானி) 38 டிகிரியைத் தாண்டவில்லை. அந்தச் சூட்டில் என் தொடக்கி இவ்வளவு வேலை செய்யாது. ஆகவே துகளின் மேற்பரப்பு 70 டிகிரியையாவது தொட்டிருக்க வேண்டும் என்று எழுதினேன். நெறியாளர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, "எப்படித் தெரியும்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதே கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

சுருள்கட்டி எழுதியது:

தம்பி, முதல் வேலையாக அந்தத் தெர்மோகப்பிளை வெளியே எடுங்கள். அது உலோகம். மாறுதிசைப் புலத்துக்குள் வைத்தால் அதன் முனையிலேயே சுழல் மின்னோட்டம் ஓடி அது தானாகச் சூடாகும். நீங்கள் படித்தது கரைசலின் சூடா, கம்பியின் சூடா என்பது அந்தக் கம்பிக்கே தெரியாது. ஒளியிழை வெப்பமானி விலை அதிகம்தான், ஆனால் இந்த வேலைக்கு அது இல்லாமல் ஆகாது.

பட்ட கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்துக்குச் சுருள் கட்டிக் கொடுத்தேன். துகள் பிரமாதமாகச் சூடேறுகிறது என்று மகிழ்ச்சியோடு தொலைபேசியில் சொன்னார்கள். நேரில் போனபோது ஒரு குப்பியில் வெறும் தண்ணீரை ஊற்றி உள்ளே வைக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் தண்ணீரும் 9 டிகிரி ஏறியது! தண்ணீருக்குள் என்ன காந்தம்? பாதி, தெர்மோகப்பிளின் வேலை. மீதி, சுருளின் சூடு. செப்புக் குழாய்க்குள் ஓட வேண்டிய குளிர்நீர் எங்கோ அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீரை வைத்துப் பார்க்காமல் எடுத்த எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

பென்சில்கணக்கு எழுதியது:

வெப்பமானியைச் சரிசெய்தாலும் அடிப்படைச் சிக்கல் போகாது. ஓர் உறையின் பின்புறத்தில் போட்ட கணக்கை இங்கே தருகிறேன்.

துகளின் ஆரம் 10 நானோமீட்டர். மாக்னடைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.2 கிராம். ஒரு துகளின் எடை சுமார் 2.2 × 10⁻¹⁷ கிராம் வருகிறது. உங்கள் துகளின் எஸ்.ஏ.ஆர். மதிப்பை (ஒரு கிராம் துகள் புலத்தில் வெளியிடும் வெப்பத் திறன்) தாராளமாகக் கிராமுக்கு 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு துகள் வெளியிடும் திறன் 1.1 × 10⁻¹⁴ வாட்.

நீரில் தனித்து மிதக்கும் ஓர் உருண்டை நிலையாகச் சூட்டை வெளியிட்டுக்கொண்டிருந்தால், அதன் மேற்பரப்பு சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடாக இருக்கும்? திறனை 4 × 3.14 × நீரின் வெப்பங்கடத்துதிறன் × ஆரம் என்பதால் வகுக்க வேண்டும். நீருக்கு 0.6. வகுத்தால் வருவது 1.4 × 10⁻⁷ டிகிரி. ஒரு டிகிரியைக் கோடி கூறாக வெட்டினால் அதில் ஒன்றரைக் கூறு கூட இல்லை. உங்களுக்குத் தேவைப்படுவது 40 டிகிரி ஏற்றம். அதற்கு அந்தத் துகள் இப்போது தருவதைவிடச் சுமார் 28 கோடி மடங்கு திறன் தர வேண்டும்.

கரைசல் எப்படிச் சூடாகிறது என்று கேட்பீர்கள். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் போட்டிருந்தால் அதற்குள் 2 × 10¹⁴ துகள்களுக்கு மேல் இருக்கின்றன, கோடி கோடியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். எல்லாம் சேர்ந்து 2.5 வாட் தருகின்றன. சூடு வெளியேறாவிட்டால் நொடிக்கு 0.6 டிகிரி வீதம் கரைசல் முழுவதும் ஏறும். சூடாவது ஊர் முழுக்க. எந்த ஒரு வீடும் பக்கத்து வீட்டைவிடச் சூடாக இருக்காது.

இரும்புத்தூள் எழுதியது:

ஐயா, கணக்கு புரிகிறது. ஆனால் சோதனைகள் வேறு மாதிரி அல்லவா சொல்கின்றன? 2010-இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் குழு, செல் சவ்வில் ஒட்டிய மாங்கனீசு ஃபெரைட் துகள்களைக் காந்தப்புலத்தால் சூடாக்கி, சூட்டை உணரும் அயனி வாயில்களைத் திறந்து காட்டியது. 2013-இல் இத்தாலியின் ஜெனோவாவில் ஒரு குழு, சூட்டில் உடையும் அசோ (நடுவில் இரட்டை நைட்ரஜன் உள்ள) மூலக்கூற்றை வெவ்வேறு நீளமுள்ள பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) சங்கிலிகளால் இரும்பு ஆக்சைடு துகளில் கட்டி, அது எவ்வளவு உடைகிறது என்பதையே வெப்பமானியாகப் பயன்படுத்தியது. மேற்பரப்பிலிருந்து அரை நானோமீட்டருக்குள் 45 டிகிரி வரை கூடுதல் சூடு, தூரம் கூடக் கூட அது மளமளவென்று இறங்குகிறது என்பது அவர்கள் முடிவு. என் கருதுகோள் முழுவதும் அந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கிறது.

பென்சில்கணக்கு எழுதியது:

இரண்டும் நல்ல ஆய்விதழ்களில் வந்தவை. அளந்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். ஜெனோவாக் குழு நேரடியாக அளந்தது, எத்தனை மூலக்கூறு உடைந்து கழன்றது என்பதை. அதை வெப்பநிலையாக மொழிபெயர்க்கும்போது, சூட்டைத் தவிர வேறெதுவும் அந்தப் பிணைப்பை உடைக்கவில்லை என்ற நம்பிக்கை உள்ளே நுழைகிறது. மறுபக்கத்தில் துகள் எவ்வளவு சூடாகும் என்று 2002-இல் ராபின், 2006-இல் கெப்ளின்ஸ்கியும் காஹிலும் என்ற ஆய்வாளர்கள் போட்ட கணக்குகள் என் உறைக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. இந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆனால் எட்டு இலக்க வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

துகளுக்கும் நீருக்கும் இடையிலுள்ள இடைமுகத் தடையால் சூடு தேங்கலாமே என்று சிலர் வாதிடுவார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். இன்னொரு 10⁻⁷ டிகிரி அளவுதான் கூடுகிறது. "புலம் துடிக்கும்போது நொடி நேரம் சூடாகிக் குளிரலாம்" என்பதும் நிற்காது. 10 நானோமீட்டரை வெப்பம் நீரில் கடக்க ஒரு நானோ நொடி கூட ஆகாது. 300 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 3.3 மைக்ரோ நொடி. சேர்த்து வைக்க இடமே இல்லை.

ஒன்று உண்டு: உருண்டை பெரிதானால் இந்த ஏற்றம் ஆரத்தின் வர்க்கத்தில் வளரும். மாக்னடைட்டை நெருக்கமாக அடைத்த 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மணி 3 அல்லது 4 டிகிரி கூடுதலாக இருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மணி உண்மையாகவே கொதிக்கும். தனித் துகள் சூடாகாது, கூட்டம் சூடாகும். தனித்துகளைத்தான் சுட வேண்டுமென்றால் காந்தத்தை விட்டுவிட்டுத் தங்கத் துகளும் குவித்த லேசரும் என்று போங்கள்; அங்கே ஒரு துகள் உறிஞ்சும் திறன் பல கோடி மடங்கு அதிகம்.

அடுப்பங்கரை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் வேதியியல்காரன் இல்லை. தனித் துகள் சூடாகாது என்றால், மூளைக் கட்டிக்குள் இரும்புத் துகளைச் செலுத்திக் காந்தத்தால் சுடுகிறார்கள் என்று படித்தேனே, அது எப்படி? இன்னொன்று: வீட்டிலுள்ள இண்டக்ஷன் அடுப்பின் மேல் இந்தக் குப்பியை வைத்தால் என்ன ஆகும்?

சுருள்கட்டி எழுதியது:

அடுப்புக்கு நான் பதில் சொல்கிறேன். ஒன்றும் ஆகாது. அடுப்பு, பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை ஓடவிட்டுச் சூடாக்குகிறது. 20 நானோமீட்டருக்குள் அந்த மின்னோட்டம் சுழல இடமில்லை. இந்தத் துகள்கள் சூடாவது வேறு வழியில்: புலம் திசை மாறும்போது துகளின் காந்தத் திருப்புமை (அதன் காந்தம் நோக்கும் திசை) உடனே கூடத் திரும்பாமல் சற்றுப் பின்தங்குகிறது, அந்தப் பின்தங்கல்தான் சூடு. துகளுக்குள்ளேயே திருப்புமை புரண்டால் அது நீல் வழி. துகளே உடம்போடு சுழன்றால் பிரௌன் வழி. அடுப்பின் அதிர்வெண் சில பத்து கிலோஹெர்ட்ஸ்தான், புலமும் குறைவு. சூடு அதிர்வெண்ணோடு கூடும், புலத்தின் வர்க்கத்தோடு கூடும். இரண்டிலும் அடுப்பு ஏழை.

பென்சில்கணக்கு எழுதியது:

கட்டி விஷயமும் கூட்டத்தின் கதைதான். ஜெர்மனியில் வளர்த்தெடுத்து 2010-இல் ஐரோப்பிய அனுமதி பெற்ற சிகிச்சையில் துகள்களை அடர்த்தியாகக் கட்டிக்குள் செலுத்தி, 100 கிலோஹெர்ட்ஸ் புலத்தில் அந்தத் திசுப் பகுதி முழுவதையும் சூடேற்றினார்கள். சென்டிமீட்டர் கணக்கிலுள்ள பகுதி என்பதால் அங்கே உண்மையான வெப்ப வேறுபாடு உருவாகிறது.

இரும்புத்தூள், உங்களிடம் ஒன்று கேட்க மறந்தேன். ஓட்டத்தின் நடுவில் சூடேறும் வேகம் குறைந்ததா? பாலிமர் வளர்ந்து துகளை இறுக்கிப் பிடித்தால் பிரௌன் வழி அடைபடும். அதுவே பூச்சு வளர்வதற்கு ஒரு சாட்சி.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

இவ்வளவு பேசியும் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். தொடக்கி எது?

இரும்புத்தூள் எழுதியது:

அம்மோனியம் பெர்சல்பேட், அக்கா. ஐயா, ஆம், கடைசிக் கால் மணி நேரத்தில் வேகம் சற்றுக் குறைந்தது. குறைந்தது என்று எழுதி வைத்தேன், ஏன் என்று எழுதவில்லை.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

சரி. அப்படியானால் உங்கள் துகள் சூடே ஆக வேண்டியதில்லை.

மாக்னடைட்டில் மூன்று இரும்பில் ஒன்று இரண்டாம் இணைதிற இரும்பு, அதாவது இரண்டு எலக்ட்ரானை இழந்து, இன்னொன்றையும் கொடுக்கக்கூடியது. அது பெர்சல்பேட்டைச் சந்தித்தால் அறைவெப்பநிலையிலேயே எலக்ட்ரானைக் கொடுத்து அதை உடைக்கும். சல்பேட் தனியுறுப்பு, அதாவது சங்கிலியைத் தொடங்கிவைக்கும் துடிப்பான துண்டு, பிறக்கும். பெர்சல்பேட்டை 70 டிகிரிக்குக் கொண்டுபோவது அது தானாக உடைவதற்காக. இங்கே உடைக்க ஆள் பக்கத்திலேயே நிற்கிறது. தனியுறுப்பு பிறப்பது துகளின் தோலில், ஆகவே பாலிமரும் அங்கேயே. உங்கள் தேர்வுத்தன்மை உண்மைதான், காரணம்தான் வேறு. போதாததற்குப் பெர்சல்பேட் கரைசல் அமிலமாக மாறும், அமிலம் துகளிலிருந்து இரும்பைக் கரைத்து வெளியே விடும். கரைந்த இரும்பு கரைசலின் நடுவிலும் சங்கிலியைத் தொடங்கும். அப்படிப் பிறந்த பாலிநிப்பாம் 32 டிகிரியைத் தாண்டினால் சுருண்டு, அருகில் எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் சிலிக்காவின் சிரங்கு அதுவாக இருக்கலாம்.

இதற்குள் ஒரு முரணும் உண்டு. மூன்றாம் இணைதிற இரும்பு வளரும் சங்கிலியை முடித்துவைக்கும் குணமுடையது. ஆகவே இரும்பு அதிகமாகக் கரைந்தால் வினை முந்துவதும் உண்டு, முடங்குவதும் உண்டு. இரண்டு நாள் ஒரே முடிவு வராத கதை உங்களுக்கும் இருக்குமென்று நினைக்கிறேன்.

கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை: கழுவிய பிறகு துகள் கறுப்பாகவே இருக்கிறதா, செம்பழுப்பாகிவிட்டதா? செம்பழுப்பென்றால் மாக்னடைட் எலக்ட்ரானை இழந்து மாக்கமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாக மாறிவிட்டது. அந்த எலக்ட்ரானை வாங்கியவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி செய்ய வேண்டியது. அதே கலவையைச் சுருளுக்கு வெளியே, மேசை மேல், அதே நேரம் வையுங்கள். துகள் இல்லாத கலவையைப் புலத்துக்குள் வையுங்கள். மூன்றாவது குப்பியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஒளியிழை வெப்பமானி காட்டிய ஏற்ற இறக்கத்தை நொடிக்கு நொடி பின்பற்றுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் யார் கட்டுரை அனுப்பினாலும் நான் திருப்பி அனுப்புவேன்.

பெர்சல்பேட்டை விட்டு அசோ வகைக்கு வாருங்கள். நீரில் கரையும் வி.ஏ.-044-க்கு 44 டிகிரியில் பத்து மணி நேர அரை ஆயுள் (பாதி உடைய ஆகும் நேரம்); பத்து டிகிரி கூடினால் உடையும் வேகம் ஏறத்தாழ மூன்று நான்கு மடங்காகும். ஆனால் அதைக் கரைசலில் கலந்துவிட்டால் பாலிமர் எங்கும் வளரும். தொடக்கியைத் துகளில் கட்டுங்கள். கட்டும் கொக்கியாக சிலேனை எடுக்காதீர்கள், அது சிலிக்காவையும் பிடித்துக்கொள்ளும். பாஸ்போனேட் இரும்பு ஆக்சைடை இறுகப் பிடிக்கும், நீரில் சிலிக்காவை ஏறிட்டும் பார்க்காது. பிறகு காந்தத்தால் இழுத்து, கட்டப்படாத தொடக்கி ஒரு சொட்டும் மிஞ்சாமல் கழுவுங்கள்.

விதண்டாவாதி எழுதியது:

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. தேர்வு செய்வது பாஸ்போனேட் கொக்கி. சூடு ஊர் முழுக்கப் பரவுகிறது. பின் எதற்கு இத்தனை இலட்சம் செலவில் ஒரு சுருள்? வெந்நீர்த் தொட்டி போதாதா? "காந்த வெப்பம்" என்று தலைப்பில் இருந்தால்தான் நிதி வரும் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

கண்ணாடிக்குடுவை எழுதியது:

நிதியைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுதாக மறுக்கமாட்டேன்.

ஆனாலும் தொட்டிக்கும் சுருளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. தொட்டியில் சூடு சுவர் வழியே உள்ளே வர வேண்டும். கண்ணாடிச் சுவர்தான் எப்போதும் அதிகச் சூடு. நிப்பாம் போன்ற பொருளை வைத்துக் குப்பியைக் கழுவியவர்களுக்குத் தெரியும், சுவரில் ஒரு வழவழப்பான தோல் படிந்து, நகத்தால் சுரண்டினால் நாடாவாக உரிந்து வரும். துகள்களே உள்ளிருந்து சூடாக்கும்போது சுவர்தான் குளிர்ந்த இடம். இரண்டாவது, ஏறுவதும் இறங்குவதும் விரைவு. இரண்டு நிமிடத்தில் ஏற்றி, எட்டு நிமிடம் நிறுத்தி, சுவிட்சை அணைத்துக் குளிர்நீரைத் திறந்தால் முடிந்தது. வினையை நினைத்த இடத்தில் வெட்ட முடியும், பூச்சின் தடிமன் கையில் இருக்கும். 100 மில்லி குடுவையை வெந்நீர்த் தொட்டியில் வைத்து அப்படி வெட்ட முடியாது.

விதண்டாவாதி எழுதியது:

சுவர்த் தோல் உண்மை. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கட்டுரையின் தலைப்பில் "விரைவுச் சூடேற்றம்" என்று போடட்டும், "மேற்பரப்புச் சூடேற்றம்" என்று போட வேண்டாம்.

சுருள்கட்டி எழுதியது:

பென்சில்கணக்கு ஐயா சொன்ன மில்லிமீட்டர் மணி என் தலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு குழாயின் சுவரில் நிலைக்காந்தத்தால் துகள்களை ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் படியவைத்து, மேலே குளிர்ந்த மோனோமர் ஓடவிட்டு, புலம் கொடுத்தால்? அங்கே உண்மையிலேயே துகள் படுகை மட்டும் சூடாகுமே.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

சூடாகும். ஆனால் கோடிக்கணக்கான துகளுக்கும் சேர்த்து ஒரே சட்டை தைத்துவிடும், அண்ணா. பிறகு அதை யார் பிரிப்பது? துகளாக வேண்டாம், சல்லடைப் படுகையாகப் போதும் என்பவர்களுக்கு நல்ல யோசனை.

இரும்புத்தூள் எழுதியது (16 நாள் கழித்து):

திரும்பி வந்திருக்கிறேன்.

பக்கத்து ஆய்வகத்தில் ஒளியிழை வெப்பமானி இரவல் கிடைத்தது. தெர்மோகப்பிள் 38 என்று காட்டிய இடத்தில் அது 33 காட்டியது. வெறும் தண்ணீர் 20-இலிருந்து 22-க்குப் போனது.

மேசை மேல் வைத்த குப்பி: புலம் இல்லை, சூடு இல்லை, அறையில் 29 டிகிரி. பழைய கலவை, பழைய பெர்சல்பேட், அதே நேரம். டி.ஜி.ஏ.-யில் 16 விழுக்காடு. புலத்துக்குள் வைத்தபோது 18. இரண்டு விழுக்காட்டுக்காக நான் ஒன்பது மாதம் சுருளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். துகள் செம்பழுப்பு. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தபோது சந்தேகமே வரவில்லை. இத்தனை நாள் குப்பியில் பார்த்ததால் எல்லாம் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. துகள் இல்லாத குப்பி புலத்துக்குள் கண்ணாடி போலத் தெளிவாகவே இருந்தது.

பிறகு அக்கா சொன்ன வழி. பாஸ்போனேட் கொக்கியில் அசோ தொடக்கியைக் கட்டி, எட்டு முறை கழுவினேன். குளிர்நீர் ஓட, புலத்தில் வைத்தால் 2 விழுக்காடு. அதே சூட்டில் தண்ணீர்த் தொட்டியிலும் 2 விழுக்காடு. மேற்பரப்பு தனியாகச் சூடாகியிருந்தால் இந்த இரண்டும் ஒன்றாக இருந்திருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். குளிர்நீரை நிறுத்திவிட்டு, இரண்டரை நிமிடத்தில் 65 டிகிரிக்கு ஏற்றி எட்டு நிமிடம் வைத்தபோது 11 விழுக்காடு வந்தது. துகள் கறுப்பாகவே இருந்தது. சிலிக்காவில், நான் பார்த்த படங்கள் வரை, சிரங்கு இல்லை. குப்பிச் சுவரில் தோலும் இல்லை.

நெறியாளரிடம் பழைய வரியை நானே அடித்துவிட்டுக் கொடுத்தேன். தலைப்பை விதண்டாவாதி ஐயாவின் விருப்பப்படி மாற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

பென்சில்கணக்கு எழுதியது:

அந்த 2-க்கு 2 ஒப்பீட்டை இன்னும் மூன்று முறை செய்யுங்கள். உங்கள் கட்டுரையில் மிக மதிப்புள்ள வரி அதுதான்.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

நல்ல வேலை. ஒரு குறை இருக்கிறது. அசோ உடையும்போது இரண்டு தனியுறுப்புகள் பிறக்கும். ஒன்று கொக்கியோடு துகளில் நிற்கும், மற்றது கழன்று கரைசலுக்குள் போகும். அது அங்கே கொஞ்சம் கட்டற்ற பாலிமரை வளர்த்தே தீரும். மாக்னடைட்டையும் சிலிக்காவையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய தெளிந்த நீரில் எவ்வளவு பாலிமர் இருந்தது?

இரும்புத்தூள் எழுதியது:

கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டேன், அக்கா.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

அடுத்த முறை ஊற்றுவதற்கு முன் 40 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள். பால் போலக் கலங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது.